கோத்தகிரி இறக்கமும் மூன்று பிரேக்குகளும்

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு எம்டிபி எனும் மலைச் சைக்கிளில் இறங்கிக்கொண்டிருந்தேன். குஞ்சப்பனை தாண்டிக் கொஞ்ச தூரம். ஒரு வளைவு வருகிறது, பின் பிரேக்கை அழுத்துகிறேன், லீவர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் கைப்பிடிவரை வந்து ஒட்டிக்கொண்டது. முன் பிரேக் மிச்சமிருந்தது, சாலையோரம் கொஞ்சம் மண்ணும் இருந்தது. இரண்டும் சேர்ந்து நிறுத்திவிட்டன. பாட்டில் தண்ணீரைப் பின் டிஸ்க்கில் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) நாலு சொட்டு விட்டேன். தோசைக்கல்லில் தெளித்த மாதிரி சொய்யென்றது. (சூடான டிஸ்க்கில் தண்ணீர் விடக் கூடாது, கோணிக்கொள்ளும். அந்தப் பதற்றத்தில் அது நினைவுக்கு வரவில்லை.)

பையிலிருந்த ஆலன் கீயால் கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, கம்பியை ஒரு சென்டிமீட்டர் இழுத்து மறுபடி முடுக்கினேன். பிரேக் அரைகுறையாகத் திரும்பி வந்தது. மீதி இறக்கத்தைத் தள்ளியும் உருட்டியுமாக முடித்து வீடு வந்து சேர்ந்தபின், என்ன செய்யலாம் என்று ஒரு தாளில் எழுதினேன். மூன்று வழி தெரிந்தது. இருக்கிற கேபிள் டிஸ்க் பிரேக்கையே முழுசாகப் புதுப்பிப்பது. மினரல் ஆயிலில் ஓடும் ஆரம்பநிலை ஹைட்ராலிக் செட் (கம்பிக்குப் பதில் குழாயில் அடைத்த திரவம் பிரேக்கைத் தள்ளும்) ஒன்றைப் புதிதாக வாங்குவது. அப்புறம், நண்பர் ஒருவர் தன் சைக்கிளிலிருந்து கழற்றி வைத்திருந்த, டாட் எனும் பைக் பிரேக் திரவத்தில் ஓடும் நாலு பிஸ்டன் பிரேக்கை அரை விலைக்கு வாங்கிக்கொள்வது.

யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: ஹைட்ராலிக் போடு, கண்ணை மூடிக்கொண்டு போடு. பிடிப்பு ஒன்றையே பார்த்தால் அந்தப் பதிலில் தப்பில்லை. நான் முதலில் கேட்டுக்கொள்வது வேறு கேள்வி. இது கெட்டால் யார் சரிசெய்வார், எதை வைத்து, எங்கே உட்கார்ந்து? என் தெருமுனைச் சைக்கிள் கடை அண்ணன் முப்பது வருஷமாகத் தொழிலில் இருப்பவர். அவரிடம் போனால், "டிஸ்க்கெல்லாம் நமக்கு ஆகாதுங்க தம்பி. கோட்டம் எடுக்கணும், போக்ஸ் கம்பி மாத்தணும்னா கொண்டாங்க" என்பார். கோவையில் டிஸ்க் வேலை தெரிந்த பெரிய கடைகள் உண்டு. சைக்கிளை ஒப்படைத்துவிட்டுச் சில நாள் காத்திருக்க வேண்டும். ஆக, மொட்டைமாடிதான் பட்டறை, நான்தான் மெக்கானிக் என்று வைத்துக்கொண்டுதான் இந்த மூன்றையும் எடை போடுகிறேன்.

சூட்டுக் கணக்கு

கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,450 மீட்டர். நானும் சைக்கிளும் பையும் சேர்ந்து 90 கிலோ. அந்த எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் 12 லட்சம் ஜூலுக்கு மேல். நாலு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்கிறது. மிச்சம் இரண்டு மெல்லிய எஃகுத் தட்டுகளுக்குள்தான் போயாக வேண்டும். வேகமாக இறங்குபவருக்குக் காற்றின் பங்கு கூடுதல். பயந்து பயந்து, லீவரை விடாமல் பிடித்தபடி இறங்குபவரின் பிரேக்தான் அதிகம் காய்கிறது. புதிதாக மலைக்கு வருகிறவர்களின் டிஸ்க் நீலம் பாரித்துப் போவதற்கு இதுதான் காரணம். நன்றாக அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு முழுதாக விட்டுவிட்டால், வளைவுக்கும் வளைவுக்கும் நடுவில் தட்டு கொஞ்சம் ஆறும்.

இந்தத் தொல்லை மலைச் சைக்கிளோடு கூடவே பிறந்தது. 1976இல் கலிஃபோர்னியாவின் மாரின் கவுண்டியில், ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மண் பாதையில், குண்டு டயர் போட்ட பழைய சைக்கிள்களை வைத்து இறக்கப் போட்டி நடத்தினார்கள். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கும் ஹப் பிரேக் அவை. ஒரே இறக்கத்தில் ஹப்புக்குள்ளிருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். வீட்டுக்குப் போய்ப் பிரித்து, புது கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அந்தப் பாதைக்கு 'ரீபேக்', அதாவது மறுபடி அடைப்பது, என்றே பெயர் விழுந்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்து பிரேக்கைப் பிரிப்பது இந்த விளையாட்டுக்குப் புதிதல்ல.

கேபிளை வைத்துக்கொண்டால்

எதையும் வாங்கும் முன் கெட்டது எது என்று பார்க்க வேண்டும் இல்லையா? பின் கேபிளைப் பிரித்தேன். விஷயம் உடனே தெரிந்துவிட்டது. கேலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) பக்கத்து மூடியைக் கிழித்துக்கொண்டு, அவுட்டருக்குள் (கேபிளின் வெளிக்குழாய்) இருந்த கம்பிகள் துடைப்பக் குச்சி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அது பிரேக் அவுட்டரே இல்லை. கியருக்குப் போடுவது.

சில மாதங்களுக்கு முன் ஒரு கடையில் கேபிள் மாற்றக் கொடுத்திருந்தேன். கைக்குக் கிடைத்ததைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், நானும் பார்க்கவில்லை. பார்த்தவுடன் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பிரேக் அவுட்டர் சுமார் 5 மி.மீ. தடிமன், உள்ளே தட்டையான எஃகுக் கம்பி ஸ்பிரிங் போலச் சுற்றியிருக்கும். எவ்வளவு இழுத்தாலும் வெடிக்காது. கியர் அவுட்டர் பெரும்பாலும் 4 மி.மீ.; உள்ளே கம்பிகள் நீளவாக்கில் அடுக்கியிருக்கும். அது சுருங்காது, கியருக்கு அதுதான் தேவை. பிரேக்கின் இழுவையை அந்த அடுக்கு தாங்காது. வெட்டிய முனையைப் பார்த்தாலே வித்தியாசம் புரிந்துவிடும். கேபிள் மாற்றக் கொடுப்பவர்கள் திரும்ப வாங்கும்போது இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆக, குஞ்சப்பனையில் கைவிட்டது கேபிள் பிரேக் அல்ல, தப்பான அவுட்டர். இது தெரிந்ததும் முதல் வழியின் மதிப்பு என் தாளில் ஏறிவிட்டது. சரியான அவுட்டர், 1.5 அல்லது 1.6 மி.மீ. உட்கம்பி, முனை மூடிகள், ஒரு ஜோடி பேட் (டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் கட்டைகள்), எல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாயில் அடங்கும். ஆலன் கீ, நல்ல கேபிள் கட்டர், வேறு கருவி வேண்டாம். சாதா கட்டிங் பிளேயரால் அவுட்டரை வெட்டினால் முனை நசுங்கும். வெட்டியபின் அரத்தால் தேய்த்து மட்டமாக்கி, உள் குழாயின் வாயை ஒரு ஊசியால் திறந்துவிட வேண்டும். பிரேக்கில் பஞ்சுபோலத் தோன்றும் தளர்வில் பாதி இந்தச் சரிவாக வெட்டிய முனையிலிருந்து வருவதுதான்.

கேபிள் டிஸ்க் பிரேக்கில் பெரும்பாலானவை ஒரு பக்கம் மட்டும் நகருபவை. வெளிப்பக்க பேட் வந்து டிஸ்க்கைத் தள்ளும், டிஸ்க் லேசாக வளைந்து உள்பக்கத்து அசையா பேடில் போய் முட்டும். அதனால் அசையா பேட் டிஸ்க்குக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. உரசாத தூரம் மட்டும் விட்டால் போதும். பலர் இரண்டு பக்கமும் சமமாக இடைவெளி விட்டு, "பிடிக்கவே மாட்டேங்குது" என்று பிரேக்கைத் திட்டுவார்கள். அவிட் பிபி7 போன்றவற்றில் இரண்டு பேடுக்கும் தனித்தனி திருகு இருப்பதால் இந்த வேலை விரலாலேயே முடியும். மற்றவற்றில் உள்பக்க பேடுக்கு ஆலன் கீ.

குறையைச் சொல்லாமல் விடக் கூடாது. பேட் தேயத் தேய நாம்தான் திருகித் திருகி நெருக்க வேண்டும்; பிரேக் தானாகச் செய்யாது. நீண்ட இறக்கத்தில் முன்கை கடுக்கும், விரல் மரத்துப்போகும். மழைக்காலத்தில் அவுட்டருக்குள் தண்ணீர் போய், இரண்டு வாரம் சைக்கிளைத் தொடாமல் விட்டால், கேபிள் கரகரவென்று இழுக்கும். பின் சக்கரத்துக்கு அவுட்டர் நீளம் என்பதால் உராய்வு, சுருக்கம் இரண்டும் அங்கேதான் அதிகம். சுருங்காத வகை பிரேக் அவுட்டர் தனியாகக் கிடைக்கிறது. அதில் நீளவாக்குக் கம்பிகளை வெடிக்காதபடி மேலே ஒரு பின்னல் உறை பிடித்திருக்கும். விலை கூடுதல்தான். பின் பிரேக்குக்குப் போட்டால் லீவரின் கெட்டித்தன்மை கையில் தெரியும்.

இன்னொன்று: லீவரும் கேலிப்பரும் பொருந்த வேண்டும். எம்டிபி கேபிள் கேலிப்பர்கள் பெரும்பாலும் நீள இழுவை லீவருக்கானவை, அதாவது கம்பியை அதிக தூரம் இழுக்கும் லீவருக்கானவை. 1996இல் ஷிமானோ கம்பெனி, சக்கர விளிம்பைப் பிடிக்கும் வி-பிரேக்கைக் கொண்டுவந்த நாளிலிருந்து எம்டிபி லீவர்களில் அந்த இழுவைதான். ரோடு சைக்கிள் கேலிப்பரை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிப் போட்டால் ஒத்துவராது.

மினரல் ஆயில் ஹைட்ராலிக்

ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா எல்லாம் மினரல் ஆயில் பக்கம். ஷிமானோவின் எம்டி200 மாதிரியான ஆரம்பநிலை செட்டுகள் ஆயிலோடு நிரப்பியே வரும். விலை சில ஆயிரம்.

இதில் எல்லாரும் பேசுவது பிடிப்பை. எனக்குப் பெரிதாகத் தெரிவது கேலிப்பருக்குள் இருக்கும் ஒரு ரப்பர் வளையம். பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டுள்ள சீல் ஒன்று உண்டு. லீவரை அழுத்தும்போது பிஸ்டன் நகர, சீல் அதோடு சேர்ந்து லேசாக முறுக்கிக்கொள்ளும். விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பி பிஸ்டனைப் பின்னால் இழுத்துவிடும். பேட் தேய்ந்து இடைவெளி கூடினால் பிஸ்டன் சீலுக்குள் வழுக்கிக் கொஞ்சம் முன்னேறி நிற்கும், லீவர் தொட்டியிலிருந்து ஆயில் வந்து அந்த இடத்தை நிரப்பும். லீவர் தூரம் ஏறத்தாழ மாறாமலே இருக்கும். நாம் திருக வேண்டியதே இல்லை. ஒரு விரல் போதும், முன்கை கடுப்பு இல்லை, மழைத் தண்ணீர் உள்ளே போக வழியில்லை.

இதற்குள்ளேயே ஒரு பொறியும் இருக்கிறது. லீவர் மாறாததால் பேட் தேய்ந்தது கையில் தெரியாது. கேபிளில் லீவர் தளர்ந்து எச்சரிக்கும். இங்கே கண்ணால் பார்த்தால்தான் உண்டு. ஷிமானோ பேடில் உராயும் பகுதி 0.5 மி.மீ. ஆகிவிட்டால் மாற்றச் சொல்கிறார்கள். மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

வீட்டு வேலை என்று வந்தால் இது கேபிளைவிட அரிதாக வரும், வந்தால் நேரம் கேட்கும். 'ஏர் எடுப்பது' என்று பைக் மெக்கானிக்குகள் சொல்வார்களே, அதுதான். லீவர் தலையில் புனல், கேலிப்பர் நிப்பிளில் ஊசிக்குழல். கேலிப்பரிலிருந்து ஆயிலை மெதுவாக மேலே தள்ளினால் குமிழ்கள் புனலில் வந்து வெடிக்கும். குமிழ் நின்றதும் நிப்பிளை மூடி, லீவரைத் தட்டித் தட்டி மிச்சக் காற்றையும் விரட்டி, புனலை அடைத்து எடுக்க வேண்டும். அவ்வளவுதான் என்று எழுத எளிது. முதல் தடவை எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது, அதுவும் நண்பரின் சைக்கிளில். தொடங்கும் முன் பேடையும் சக்கரத்தையும் கழற்றித் தூர வைத்துவிட வேண்டும். இந்த ஒரு படியைத் தாண்டியவர்கள்தான் பிறகு புலம்புவார்கள். ஆயில் பட்ட பேட் போனது போனதுதான். உப்புத்தாளில் தேய்த்துப் பார்ப்பார்கள், கேஸ் அடுப்பில் காட்டிப் பார்ப்பார்கள். அன்றைக்குத் தேறின மாதிரி இருந்து, அடுத்த இறக்கத்தில் கீச்சிடத் தொடங்கும். மலை இறங்குகிற சைக்கிளில் அந்தச் சிக்கனம் வேண்டாம்.

நம் ஊருக்கே உரிய ஒரு தலைவலியும் சொல்லியாக வேண்டும். பஞ்சர் கடையில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துத்தான் வேலை பார்ப்பார்கள். லீவர் தொட்டியில் கொஞ்சம் காற்று இருந்தால் அது ஹோஸுக்குள் (ஆயில் குழாய்) ஏறிவிடும். நிமிர்த்தியதும் லீவர் பஞ்சாக இருக்கும். நேராக நிறுத்திப் பலமுறை அழுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும். சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது யாராவது குழந்தை லீவரை அழுத்திவிட்டால் பிஸ்டன்கள் வெளியே வந்து, டிஸ்க் நுழைய இடமிருக்காது. மடித்த அட்டைத் துண்டு ஒன்றைப் பேடுகளுக்கு நடுவில் செருகிவைப்பது என் பழக்கம். பிஸ்டனை உள்ளே தள்ள பிளாஸ்டிக் டயர் லீவர் போதும். ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம்.

மினரல் ஆயில் தண்ணீரை உறிஞ்சாது, தோலைப் புண்ணாக்காது, பெயின்ட்டை அரிக்காது. உள்ளே எப்படியோ தண்ணீர் போய்விட்டால் அது கலக்காமல் கேலிப்பரின் அடியில் தங்கி, 100 டிகிரியில் கொதித்துவிடும் என்பது மட்டும் ஒரு குறை. கிடைப்பதுதான் பிரச்சினை. மேட்டுப்பாளையத்திலோ கோத்தகிரியிலோ தெருமுனைக் கடையில் கேட்டால் சைக்கிள் மினரல் ஆயில் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. முன்கூட்டி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அவசரத்துக்குக் குழந்தை எண்ணெய், போர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) ஆயில் என்று ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு மலை இறங்க நான் தயாரில்லை.

டாட் திரவம்: ஸ்பேர் கடையில் கிடைக்கும், சும்மா விடாது

ஸ்ராம் கம்பெனியின் கோட், லெவல் மாதிரிகள், பிரிட்டனின் ஹோப் கம்பெனி பிரேக்குகள் இவையெல்லாம் டாட் திரவம் கேட்பவை. ஸ்ராமே டிபி8, மேவன் மாதிரிகளில் மினரல் ஆயிலுக்கு மாறியிருக்கிறது. எனவே 'ஸ்ராம் என்றால் டாட்' என்று மனப்பாடமாக ஊற்றிவிடக் கூடாது, லீவரில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும்.

நண்பரின் பிரேக்கைப் பார்த்தபோது எனக்கு ஆசை வந்தது உண்மை. நாலு பிஸ்டன், பெரிய பேட், நல்ல கட்டுப்பாடு. அதைவிடப் பெரிய கவர்ச்சி, டாட் 4 பாட்டில் எந்த ஊர் பைக் ஸ்பேர் கடையிலும் கிடைக்கும் என்பதுதான். பல்சரும் அப்பாச்சியும் ஓடுகிற ஊர் எல்லாவற்றிலும் அது இருக்கும். டாட் 4, டாட் 5.1 இரண்டும் ஒரே கிளைக்கால் குடும்பம், கலந்தாலும் பாதகமில்லை. பெயரில் பக்கத்தில் இருந்தாலும் டாட் 5 சிலிகான். அதை ஊற்றவே கூடாது.

எதிர்ப்பக்கத்தில் எண்களே பேசுகின்றன. டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் சேர்ந்தபின் அந்த அளவு 155. டாட் 5.1க்கு 260, 180. இந்தத் திரவம் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். திறந்த பாட்டிலைக் கார்த்திகை மழையில் அலமாரியில் வைத்து, தை மாதம் எடுத்து ஊற்றினால் என்ன ஊற்றுகிறோம் என்று நமக்கே தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் புது பாட்டில். கையுறை கட்டாயம். ஃபிரேமில் சொட்டினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

பழைய பிரேக் என்பதால் இன்னொரு சந்தேகமும் இருந்தது. டாட் பிரேக்கின் சீல்கள் மினரல் ஆயில் பட்டால் ஊதிப்போகும். மினரல் பிரேக்கின் சீல்கள் டாட் பட்டால் அதே கதி. முந்தைய உரிமையாளர் எப்போதாவது மாற்றி ஊற்றியிருந்தால், வாங்கிய நாளில் தெரியாது. சில வாரம் கழித்து லீவர் திரும்பி வராமல் மாட்டிக்கொள்ளும்போது தெரியும். நண்பர் நம்பகமானவர்தான். அவருக்கு முன்னால் அதை வைத்திருந்தவரை எனக்குத் தெரியாது.

பேடும் தட்டும்

மூன்றில் எதை எடுத்தாலும் செலவுக்குத் தகுந்த பலனை அதிகம் தருவது டிஸ்க்கின் அளவு. 160 மி.மீ.யிலிருந்து 180க்குப் போனால் அதே கை விசைக்குப் பிடிப்பு எட்டில் ஒரு பங்கு கூடுகிறது, சூட்டைத் தாங்கும் இரும்பும் கூடுகிறது. ஒரு அடாப்டர், இரண்டு நீள போல்ட். உங்கள் போர்க் எந்த அளவுவரை அனுமதிக்கிறது என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேடில் ரெசின், மெட்டல் என்று இரண்டு. ரெசின் சத்தமில்லாமல், முதல் அழுத்தத்திலேயே நன்றாகப் பிடிக்கும். சேற்றிலும் நீண்ட இறக்கத்திலும் சீக்கிரம் தேயும். மெட்டல் சூட்டுக்கும் மழைக்கும் தாக்குப்பிடிக்கும், கத்தும். மலிவு டிஸ்க்குகள் பலவற்றில் 'ரெசின் பேட் மட்டும்' என்று பொறித்திருப்பார்கள். அதில் மெட்டல் பேட் போட்டால் பேட் டிஸ்க்கைத் தின்றுவிடும். ஷிமானோ டிஸ்க் புதிதில் 1.8 மி.மீ.; 1.5க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். வெர்னியர் காலிப்பர் இல்லாதவர்கள் கடைக்காரரிடம் ஒரு நிமிடம் இரவல் கேட்கலாம்.

புது பேட் போட்டதும் நேராக மலைக்குப் போகாதீர்கள். வெறிச்சோடிய சாலையில், மிதமான வேகத்திலிருந்து கிட்டத்தட்ட நிற்கும்வரை இருபது தடவை, பிறகு கொஞ்சம் கூடுதல் வேகத்தில் பத்துத் தடவை, சக்கரம் பூட்டாமல் பிடித்துப் பழக்க வேண்டும். டிஸ்க்கைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். சானிடைசர் ஆகாது, அதில் கிளிசரின் இருக்கும். திருப்பூர் பனியன் வேஸ்ட் எல்லா வேலைக்கும் அருமையான துணிதான். செயின் துடைத்ததைக் கொண்டு டிஸ்க்கைத் தொடாமல் இருந்தால் சரி.

எதை வீட்டில், எதைக் கடையில்

பிரேக்கைப் பொறுத்தவரை பேட் மாற்றுவது, கேபிள், கேலிப்பரை நேராக்குவது எல்லாம் வீட்டு வேலை. கேலிப்பர் போல்ட் இரண்டையும் லேசாகத் தளர்த்தி, லீவரை இறுக்கப் பிடித்தபடி மாறி மாறி முடுக்கினால் பாதி உரசல் போய்விடும். மிச்சம் டிஸ்க்கின் கோட்டம். சுத்தமான துணி சுற்றிய ஸ்க்ரூ ஸ்பேனரால் மெதுவாக வளைத்து எடுக்கலாம். வெளியே வெயிலில் வைத்து, டிஸ்க்குக்குப் பின்னால் வெள்ளைத்தாள் பிடித்துக்கொண்டு பார்த்தால் இடைவெளி நன்றாகத் தெரியும். முடுக்கும் அளவில் மட்டும் கை நிதானம் போதாது: ஷிமானோ கேலிப்பர் போல்ட்டுக்கு 6 முதல் 8 நியூட்டன் மீட்டர், டிஸ்க்கின் ஆறு டி25 ஸ்டார் போல்ட்டுக்கு 2 முதல் 4. டார்க் ரிஞ்ச் ஒன்று வாங்கிவிடுங்கள். அலுமினிய மரையைப் பிய்த்துக்கொண்டால் ஆகும் செலவுக்கு முன் அதன் விலை ஒன்றுமில்லை.

மற்ற பாகங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். செயின் வீட்டு வேலை. இரும்பு ஸ்கேலை வைத்து 24 பின் இடைவெளியை அளந்தால் புதிதில் 304.8 மி.மீ.; 306.3 வந்துவிட்டால் அரை சதவீதத் தேய்மானம், 11, 12 ஸ்பீடுக்கு அப்போதே மாற்றுவது புத்திசாலித்தனம். விட்டால் கேசட்டையும் (பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) சேர்த்துத் தின்றுவிடும். கியர் டியூனிங், ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) கிரீஸ், சாதா குண்டு பேரிங் ஹப், இவையும் வீட்டில் முடியும். போர்க்கின் கீழ்க்கால் ஆயிலை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது போர்க் தயாரிக்கும் ராக்‌ஷாக்ஸ். பொறுமை இருந்தால் அதையும் செய்யலாம். டேம்பருக்குள் (போர்க்கின் துள்ளலை அடக்கும் பகுதி) கை வைக்காதீர்கள். அழுத்திப் பொருத்தும் பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் பேரிங்), புதுச் சக்கரம் கட்டுவது, ஹைட்ராலிக் ஹோஸை ஃபிரேமுக்குள் விடுவது, இந்த மூன்றையும் நான் கடைக்கே கொடுக்கிறேன். சக்கரக் கோட்டத்துக்குத் தெருமுனை அண்ணன் இருக்கிறார். அந்த வேலையில் அவர் கைக்கு எந்தப் பெரிய கடையும் ஈடாகாது.

நான் எடுத்த முடிவு

நண்பரின் டாட் பிரேக்கை முதலில் தாளிலிருந்து அடித்தேன். ஆண்டுதோறும் திரவம் மாற்றுகிற ஒழுங்கு என்னிடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். வாரம் தவறாமல் மலைக்குப் போகிறவர், பைக் வேலை பழகியவர், பிரேக்கைப் புதிதாக வாங்குபவர் என்றால் அவருக்கு அதையே சொல்வேன். நகரத்துக்குள் வேலைக்குப் போய்வந்து, எப்போதாவது மருதமலை அடிவாரம்வரை ஓட்டுபவருக்கு எதையும் மாற்ற வேண்டாம், கேபிளையும் பேடையும் ஒழுங்காகப் போட்டால் போதும். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி, கொல்லிமலையின் 70 என்று திட்டம் வைத்திருப்பவர் இரண்டு பக்கமும் மினரல் ஹைட்ராலிக்குக்கு யோசிக்காமல் போகலாம்; 180 டிஸ்க்கோடு.

நான் போட்டது கலவை. முன்னால் மினரல் ஆயில் ஹைட்ராலிக், 180 டிஸ்க். பின்னால் பழைய கேபிள் கேலிப்பரே, சுருங்காத பிரேக் அவுட்டரும் புது பேடும் போட்டு. இறக்கத்தில் எடை முழுக்க முன்பக்கம் சாய்வதால் நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது. நல்ல பிரேக் அங்கே இருக்கட்டும். ஹோஸ் அறுந்தோ ஏர் ஏறியோ முன் பிரேக் போனால், ஆலன் கீயும் ஒரு உபரிக் கம்பியும் கொண்டு சாலையோரத்தில் உயிர்ப்பிக்கக்கூடிய ஒன்று பின்னால் இருக்கிறது. நீள அவுட்டரின் உராய்வு பின்னால்தானே அதிகம், ஹைட்ராலிக் அங்கேதான் அதிகம் உதவும் என்று நண்பர் வாதாடுகிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு லீவரும் கைக்கு வேறு வேறு மாதிரி இருப்பதும் உண்மை. வலது கைக்கு ஒரு விரல், இடது கைக்கு இரண்டு என்று பழக மூன்று வாரம் ஆனது.

மார்கழியில் அதே இறக்கத்தில் மறுபடி போனேன். குஞ்சப்பனையில் டீ குடிக்க நிறுத்தி, வழக்கம்போல உபரிக் கம்பி பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். டிஸ்க்கில் தண்ணீர் எதுவும் விடவில்லை.